காயத்தின் அச்சு: சோம்நாத் ஹோரும் நமது உளியும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த உரை யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்தத் தோழரை இங்கே முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். எழுத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்துச் சரளமாகப் படிப்பார். கூட்ட அறிவிப்புக்கு அச்சகத்தில் பெரிய எழுத்து இல்லையென்றால் ஒரு பலகைத் துண்டை எடுத்துத் தாமே செதுக்கிக் கொடுப்பார். அவரை யாரும் கலைஞர் என்று சொன்னதில்லை, கம்பாசிட்டர் என்றுதான் சொன்னார்கள். கையால் செய்கிறவன் தொழிலாளி, மனத்தால் செய்கிறவன் கலைஞன் என்ற இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று நான் பேசப்போவது அந்தப் பிரிவினைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடந்த ஒரு கலையைப் பற்றி, அதை மீட்டெடுத்தவர்களில் ஒருவரைப் பற்றி.

முதலில் நம் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று. காரைக்காலில் பேருந்து ஏறினால் அரை மணி நேரத்தில் தரங்கம்பாடி. சீகன்பால்கு 1706இல் அங்கே வந்து இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஹாலே எழுத்துகள் அளவில் பெரியவை. தாள் ஏராளமாகச் செலவானதால் சிறிய எழுத்துகளைப் பொறையாற்றிலேயே வார்த்தார்கள், காகித ஆலையும் அங்கேயே வைத்தார்கள். பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். நாம் இன்னும் இரண்டு வரி சேர்த்துப் படிக்க வேண்டும். தஞ்சை மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர் வீரர், இந்த அச்சகத்தில் அடித்த தமிழ்ப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்து, அதைப் படித்துவிட்டுத்தான் தரங்கம்பாடியைத் தேடி வந்தார். உபதேசியாராக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். குருப்பட்டம் கொடுக்கும் நேரம் வந்தபோது சாதியைக் காரணம் காட்டி அவரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அச்சடித்த தாள் சாதி பாராமல் அவர் கைக்கு வந்தது, அதை அச்சடித்த சபையால் அப்படி வர முடியவில்லை.

நான் அச்சை நம்புவதற்கு இது ஒரு காரணம். ஒற்றை ஓவியம் ஒரு வீட்டில்தான் இருக்கும், அந்த வீட்டுக்குள் நாம் போக முடியுமா என்பது வேறு கேள்வி. அச்சோ நூறு வீட்டுக்குப் போகும், நாம் வாசற்படி ஏற முடியாத வீட்டுக்கும் போகும்.

அச்சோவியம் என்றால் அச்சகத்தில் அடிக்கும் நாட்காட்டிப் படமல்ல. ஓவியரே பலகையிலோ லினோலியத்திலோ செதுக்கி, செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ கீறி அமிலத்தில் அரிக்கவிட்டு, கல்லில் எழுதி, மை தடவித் தாளில் எடுப்பது. மரச்செதுக்கில் மேடு அச்சாகும். தகட்டில் பள்ளம் அச்சாகும். கலைக் கல்லூரிகளில் இதைக் 'கிராபிக்ஸ்' என்பார்கள், கணினி கிராபிக்ஸோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கு கற்பிக்கப்பட்டது, ஆனால் தொழிலாகத்தான். புத்தகத்துக்குப் படம் வேண்டும், அதற்குச் செதுக்குகிறவன் வேண்டும் என்பதுதான் கணக்கு. பிறகு புகைப்படத்தை நேரே உலோகத் தகட்டில் ஏற்றும் பிளாக் முறை வந்தது. செதுக்குகிறவனுக்கு வேலை போயிற்று. கலைப்பள்ளி எண்ணெய் வண்ணத்தின் பக்கம் திரும்பியது. கைத்தொழிலாக இருந்தபோதே மதிப்பில்லை, தொழிலும் போனபின் கேட்கவே வேண்டாம்.

அதை மறுபடி எழுப்பியவர்கள் பலர். 1916இல் அமெரிக்கா போய் எட்சிங் கற்றுவந்த முகுல் தே, 1930இல் தடியூன்றி நடக்கும் காந்தியை லினோவில் வெட்டிய நந்தலால் போஸ், சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து சாந்திநிகேதனில் படித்து, கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்து, பாரிஸுக்குப் போய் ஒரே தகட்டில் பல வண்ணத்தை எடுக்கும் முறையை வளர்த்த கிருஷ்ணா ரெட்டி. இவர்களை விட்டுவிட்டு நான் சோம்நாத் ஹோரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நெல்.

ஹோர் 1921இல் சிட்டகாங் மாவட்டத்தில் பிறந்தவர், அது இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. சிறு வயதில் தகப்பனை இழந்தவர். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பட்டியா என்ற கிராமத்தில் குண்டு போட்டன. அங்கே கிடந்த உடல்களைப் பார்த்து வரைந்ததுதான் அவருடைய தொடக்கம். அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம். லட்சக்கணக்கானோர் செத்த அந்தப் பஞ்சத்தில் சித்தபிரசாத் என்ற கட்சி ஓவியர் ஊர் ஊராக நடந்து வரைந்துகொண்டிருந்தார். இளைஞன் ஹோரைத் தெருவுக்கு இழுத்து வந்து, பார்த்து வரை என்று பழக்கியவர் அவரே. சித்தபிரசாத் தம் படங்களை 'பசித்த வங்கம்' என்ற சிறு புத்தகமாகக் கொண்டுவந்தார். 5,000 பிரதிகள். ஆங்கில அரசு பறித்துக் கொளுத்தியது. குடும்பத்தார் காத்துவைத்த ஒரு பிரதி தப்பியது, அதிலிருந்துதான் நம் காலத்தில் மறுபதிப்பு வந்தது. ஒற்றைப் படமாக இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

பஞ்சத்துப் படங்களில் வரும் உடலை நமக்குத் தெரியும். விலா எலும்பு, வற்றிய முலை, குழிந்த கண். காரைக்கால்காரர்களுக்குச் சட்டென்று ஓர் உருவம் நினைவுக்கு வரும். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடும் அம்மையாரின் உருவம் அது. அந்தப் பேயுருச் செப்புத் திருமேனிகளில் ஒன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் தாளம், முகத்தில் சிரிப்பு. அந்த அம்மை தன் அழகை வேண்டாம் என்று உதறிக் கேட்டு வாங்கிக்கொண்ட உடல் அது. 1943இல் கல்கத்தா நடைபாதையில் கிடந்தவள் கேட்டு வாங்கியதல்ல. அவளுடைய சோற்றை வேறு யாரோ பதுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு எலும்புக்கூட்டையும் ஒன்றாகப் பார்க்காதிருக்கக் கற்றுக்கொள்வதுதான் படம் பார்க்கக் கற்றுக்கொள்வது என்று நான் நினைக்கிறேன். பக்தி மரபுக்கு மெலிந்த உடலை வணங்கத் தெரியும், அது ஏன் மெலிந்தது என்று கேட்கும் பழக்கம் அதற்கு இல்லை.

கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் ஜைனுல் ஆபிதீனிடமும் சஃபியுத்தீன் அகமதிடமும் ஹோர் படித்தார். மரச்செதுக்கில் கை தேர்ந்தது அங்கேதான். 1931இல் ஷாங்காயில் எழுத்தாளர் லூ சுன் இளைஞர்களுக்கு ஆறு நாள் மரச்செதுக்கு வகுப்பு நடத்தினார், ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸின் படங்களைச் சீனாவில் வெளியிட்டார். ஆறு நாள் வகுப்பிலிருந்து கிளம்பியது சீனத்து மரச்செதுக்கு இயக்கம். அந்தச் சீனப் படங்களும் கோல்விட்ஸின் படங்களும் வங்கத்து இளைஞர்கள் கைக்கு வந்தன. எண்ணெய் வண்ணம் வாங்கக் காசில்லாதவனுக்கு ஒரு பலகையும் ஓர் உளியும் போதும்.

1946 டிசம்பர். வடக்கு வங்கத்தின் ரங்பூர். கட்சி ஹோரை அங்கே அனுப்பியது. தேபாகா போராட்டம் நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்குப் பயிரிடுகிறவனை அந்தப் பக்கத்தில் 'ஆதியார்' என்பார்கள், பாதிக்காரன் என்று பொருள். விதை, மாடு, உழைப்பு எல்லாம் அவனுடையது, விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு, அறுத்த கதிர் நிலக்காரன் களத்துக்குப் போகாது, எங்கள் களத்துக்கே வரும் என்பதுதான் கோரிக்கை. களம் யாருடையது என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று காவிரிக் கரைக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? போராடியவர்களில் பெரும்பகுதி ராஜவம்சி சாதியினர், முஸ்லிம்கள். ராஜவம்சிகள் இன்று மேற்கு வங்கத்தில் பட்டியல் சாதி. அதே ஆண்டுகளில்தான் இங்கே கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தச் சங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆதியார், இங்கே பண்ணையாள். நடுவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மைல். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

ஹோர் அவர்களோடு தங்கினார். இரவில் நடந்தார், கூட்டத்தில் உட்கார்ந்தார், பார்த்ததை நாட்குறிப்பாக எழுதினார், கிடைத்த தாளில் வரைந்தார். கதிர்க்கட்டுத் தூக்குகிறவர்களை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை, பேசுகிறவர்களை. 'தேபாகா நாட்குறிப்பு' பின்னாளில் புத்தகமாயிற்று, ஆங்கிலத்திலும் வந்தது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். அந்தக் கோட்டோவியங்களிலிருந்து பிற்பாடு அவர் மரச்செதுக்குகள் செய்தார். மரச்செதுக்குக்கு ஒரு குணம் உண்டு. செதுக்காமல் விட்டால் பலகை முழுக்கக் கறுப்பாக அச்சாகும். அதாவது பலகையில் முதலில் இருப்பது இரவு. வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் நீங்கள் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு முகம், ஒரு தோள், ஓலைச் சுவரின் ஓர் ஓரம். இரவில் மறைந்து கூடிய மக்களைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அந்த முகங்களில் கெஞ்சல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பஞ்சத்துப் படங்களில் நம்மவர்கள் கிடக்கிறார்கள், தேபாகா படங்களில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

இங்கேதான் 'மீட்பு' என்ற சொல் வருகிறது. 1958இல் ஹோர் டெல்லி பாலிடெக்னிக்கின் கலைத்துறையில் கிராபிக்ஸ் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். பின்னாளில் கலைக் கல்லூரி ஆன இடம் அது. 1967வரை அங்கே இருந்தார். பிறகு சாந்திநிகேதனின் கலா பவனத்தில் கிராபிக்ஸ் துறையைக் கட்டினார். அமிலம் எவ்வளவு நேரம் அரிக்கும், எந்தத் தாள் எவ்வளவு ஈரம் தாங்கும் என்று எல்லாவற்றையும் தாமே செய்து பார்த்து, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். டெல்லியில் அப்போது கன்வல் கிருஷ்ணாவும் இந்த வேலையில் இருந்தார். 1960, 1962, 1963 என மூன்று முறை தேசிய விருது ஹோருக்கு. ஓவியத்துக்குக் கீழே கிடந்த அச்சோவியம் அதற்குச் சமமாக உட்கார்ந்தது. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விருதும் துறையும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். கலை என்ற மதிப்புக் கிடைத்ததும் பிரதிகளை எண்ணத் தொடங்கினார்கள். படத்தின் கீழே 3/20 என்று பென்சிலால் எழுதியிருப்பார்கள். இருபதில் மூன்றாவது என்று பொருள். இருபது எடுத்தபின் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடும் வழக்கமும் உண்டு. பத்தாயிரம் எடுக்கக்கூடியதை இருபதோடு நிறுத்தினால்தான் விலை நிற்கும். அச்சைக் கலையாக மீட்டபோது அச்சின் உயிரான பெருக்கத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றும். ஓவியத் தோழர்கள் இதில் என்னோடு சண்டை போடலாம். தேநீர் இடைவேளையில் போடுவோம்.

இனி 'காயங்கள்'. 1970களின் தொடக்கத்திலிருந்து ஹோர் செய்த வரிசை. இதில் மையே கிடையாது. களிமண் பலகையைக் கத்தியால் வெட்டுவார், குத்துவார், சூடாக்கிய கம்பியால் சுடுவார். அதன் மேல் சிமென்ட் அச்சு எடுப்பார். அந்த அச்சில் காகிதக் கூழை அமுக்கிக் காயவிடுவார். உரித்து எடுத்தால் வெள்ளைத் தாள், அதில் வெள்ளைக் காயம். கிழிசல், தழும்பு, குழி, சில இடத்தில் லேசான சிவப்புக் கசிவு. ஆள் இல்லை, முகம் இல்லை. படம் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கும். பஞ்சமும் கலவரமும் போரும் எல்லாம் சேர்ந்து கடைசியில் தமக்குக் காயம் என்ற ஒன்றாக மட்டுமே தெரிந்தது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். தமிழில் 'காயம்' என்றால் புண், உடம்பும்தான். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும்.

இந்தத் தாள்களின் படத்தை முதன்முதலாகப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு வெண்மணிதான் நினைவுக்கு வந்தது. 1968 டிசம்பர் 25. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக, ஒரு குடிசைக்குள் 44 பேர். பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். அதுவும் டிசம்பர், அதுவும் அறுவடை, அதுவும் நெல். 1973இல் உயர்நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட பண்ணையார்களை விடுதலை செய்தது. காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் கொளுத்தியிருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. ஹோர் களிமண்ணைச் சுட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

நாற்காலியை விட்டு எழுந்து அந்தத் தாள்களோடு வாதாட வேண்டும் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. காயம் இருக்கிறது, சரி. வெட்டியவன் எங்கே? எல்லாக் காயத்தையும் ஒரே வெள்ளைத் தாளில் ஒரே காயமாக்கிவிட்டால், வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் 'மானுடத் துயரம்' என்ற பெரிய சொல்லுக்குள் மறைந்து போகிறார்கள். உயர்நீதிமன்றத்துக்கும் அதுதானே வசதியாக இருந்தது: தீ இருக்கிறது, வைத்தவன் இல்லை. ஹோர் அப்படி நினைத்தவரல்ல, தேபாகா நாட்குறிப்பை எழுதிய கை அது. ஆனாலும் தேபாகாவின் ஹோரையே நான் 'காயங்க'ளின் ஹோரைவிட நெருக்கமாக உணர்கிறேன். பின்னதைப் பெரிய கலை என்று உலகம் சொல்கிறது. இருக்கட்டும்.

வெட்டியவனைத் தகட்டில் கொண்டுவந்தவர் சவி சவர்க்கர். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், இவர் வேறு. 1961இல் நாகபுரியில் தலித் குடும்பத்தில் பிறந்தவர், அம்பேத்கரின் பௌத்தத்தில் வளர்ந்தவர், பரோடாவில் கிராபிக்ஸ் படித்தவர். ஹோர் கிராபிக்ஸ் பிரிவைக் கட்டிய அதே டெல்லிக் கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். அவருடைய எட்சிங்குகளில் கழுத்தில் எச்சில் கலயம் தொங்கும், இடுப்பில் துடைப்பம் கட்டியிருக்கும். பேஷ்வாக்களின் புனேயில் நம் மக்கள் மீது சுமத்தப்பட்டவை அவை. குடுமி வைத்த மனு வருவான், தேவதாசி வருவாள், செத்த மாட்டைச் சுமப்பவர் வருவார், புத்தரும் வருவார். அமிலம் தகட்டை அரிக்கும் கரகரப்பு அந்தக் கோடுகளில் அப்படியே இருக்கும். அழகாக இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ஹோரின் காயம் வெண்மையாக இருப்பதால் வரவேற்பறையில் மாட்டிவிட முடியும். சவியின் கலயத்தை எங்கே மாட்டுவது?

இதைக் கடலுக்கு அப்பாலும் பார்க்கலாம். எலிசபெத் கேட்லெட் என்ற கறுப்பினப் பெண் 1946இல் மெக்சிகோ போய் அங்கே மக்கள் அச்சகப் பட்டறையில் சேர்ந்தார். 1952இல் அவர் வெட்டிய லினோ ஒன்று, வாரத்துக்குப் பயிரிடும் ஒரு மூதாட்டி. அகன்ற தொப்பி, மேலாடையை இழுத்துப் பிடித்த ஓர் ஊக்கு, நம்மைப் பார்க்காமல் தூரத்தை அளக்கும் கண். அது ஆதியாரின் மனைவி, நம் வெண்மணி ஆச்சி. இந்த மூவரும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கும் ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

நம்மிடம் என்ன இருக்கிறது? 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்து அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். எழுத்து அச்சில் நாம் முந்திக்கொண்டவர்கள். பட அச்சில் இன்னும் ஃபிளெக்ஸை நம்பிக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் 14க்குக் கட்டும் அண்ணலின் ஃபிளெக்ஸ் ஆடிக்காற்றில் கிழிந்து, டிசம்பர் 6க்குள் வெளுத்துப் போகிறது. அதே முகம், அதே கோட்டு, இணையத்தில் இறக்கிய அதே படம். எந்தக் கையும் அதைத் தொட்டதில்லை.

ஆகவே மன்றம் ஒரு சிறு வேலையைத் தொடங்குகிறது. பின்னால் அந்த மேசையில் பன்னிரண்டு லினோ துண்டுகள் இருக்கின்றன. 'வி' உளி, 'யு' உளி, ஒரு ரோலர், ஒரு கண்ணாடிப் பலகை, கறுப்பு மை. அழுத்தும் எந்திரம் நம்மிடம் இல்லை, கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். லினோவை ஐந்து நிமிடம் வெயிலில் வைத்து எடுங்கள், உளி வழுக்கிக்கொண்டு போகும். பிடிக்கும் கையை உளிக்கு முன்னால் வைக்காதீர்கள், எனக்கு இரண்டு தழும்பு இருக்கிறது.

இந்த டிசம்பர் 25க்கு வெண்மணியின் 44 பெயர்களையும் நாமே வெட்டி, நாமே அடித்துக் கொண்டுபோகலாம் என்று பேசியிருக்கிறோம். ஆளுக்கு நான்கு பெயர் எடுத்தால் பதினொரு பேர் போதும். பிரதிக்கு எண் போட மாட்டோம். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்போம். பெயரைக் கண்ணாடி எழுத்தில், வலமிருந்து இடமாக வெட்ட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 'ண'வும் 'ன'வும் திருப்பிப் போடும்போது குழப்பும். தோழர் இருந்திருந்தால் நிமிர்ந்து பார்க்காமலே திருத்திக் கொடுத்திருப்பார். மெல்லிய தாளில் பெயரை எழுதிக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். பட்டியல் மேசை மேல் இருக்கிறது, அவரவர் பெயர்களை இன்றே குறித்துக்கொண்டு போங்கள்.